ஒன்றேகால் கிராம்

— எவ்ளோன்னு சொன்னே? இன்னொரு வாட்டி சொல்லு.

— எது அத்தே?

— அதான்டி, உன் கண்ணு இமைக்குள்ள வெக்கிறோம்னாங்களே, அந்தத் தங்கம்.

— ஒன்னேகால் கிராம். நேத்து பாண்டிச்சேரி ஆஸ்பத்திரிலேருந்து வந்து பஸ்ஸை வுட்டு எறங்குனதுலேருந்து இதையேதான் கேக்குறீங்க. உங்க மருமவளுக்குக் கண்ணு மூடப் போவுது அத்தே! அதைக் கேளுங்களேன்!

— மூடாத கண்ணை ஒன்னேகால் கிராம் மூடிடுமா?

— மூடிச்சே! நேத்தே மூடிச்சே! டாக்டரம்மா ஒரு சின்ன டப்பாவைத் தொறந்தாங்க. உள்ள வெள்ளரி விதை கணக்கா மெல்லிசு மெல்லிசா தகடு. ஒண்ணை எடுத்துட்டு அதைவிடக் கனமா ஒண்ணுன்னு என் இமை மேல ஒட்டி, ‘மூடு பூங்கோதை, மூடு’ன்னாங்க. முதல் தகட்டுக்கு பாதிதான் வந்துது. ரெண்டாவதுக்கு ஒரு கோடு வெளிச்சம் மட்டும் தெரிஞ்சிது. மூணாவது ஒட்டுனாங்க பாருங்க, அப்பிடியே இருட்டாயிடுச்சு அத்தே! ரெண்டு கண்ணும் ஒண்ணா! அந்த மாதிரி இருட்டைப் பாத்து பதினாறு வருஷம் ஆவுது. அங்கயே அழுதுட்டேன்.

— இருட்டைப் பாத்து அழுதவ நீ ஒருத்திதான்டி.

— அழட்டும்னு வுட்டுட்டாங்க. ‘தூங்கும்போது என்ன பண்ணுவே?’ன்னு கேட்டாங்க. துண்டை மூஞ்சில போட்டுக்குவேன்னேன்.

— அடிபட்ட புதுசுல நான் பட்ட பாட்டைச் சொன்னியா? நீ முழிச்சிக்கிட்டு இருக்கேன்னு நெனச்சி, ராத்திரியெல்லாம் ஊர்க்கதை பேசிக்கிட்டே கெடப்பேன். கடைசில பாத்தா ஒரு கண்ணு தூங்குது, ஒரு கண்ணு என்னையப் பாக்குது!

— சொன்னேன் அத்தே! நர்ஸம்மாகூட சிரிச்சிட்டாங்க.

— ஒட்டிப் பாத்த தகடு தங்கமா?

— பாருங்க, மறுபடியும் தங்கம்! அது மாதிரிக்கு வச்சது. உள்ள வச்சித் தைக்கிறதுதான் தங்கம். சுத்தத் தங்கமா இருக்கணுமாம். செம்பு கலந்தா உடம்பு ஒத்துக்காதாம்.

— அது சரி. செம்பு கலந்தா கறுத்துடும். சரி, வாயி? டீ குடிச்சா ஓரத்துல ஒழுவுதே, அது நிக்குமா?

— அதுக்கு ரெண்டு வழி சொன்னாங்க. ஒண்ணு, தொடையிலேருந்து நாடா மாதிரி எடுத்து...

— நாடாவா? பாவாடை நாடாவா?

— அய்யோ அத்தே! தொடைச் சதைக்கு மேல வெள்ளையா ஒரு உறை இருக்குதாம். அதுலேருந்து ஒரு பட்டை. அதை வாயோரத்துல ஆரம்பிச்சி நெத்திப்பொட்டு வரைக்கும் கன்னத்துக்கு உள்ளாறயே இழுத்துக் கட்டிடுவாங்க. நம்ம பட்டறையில காயாத பொம்மைய அவசரப்பட்டு அச்சுலேருந்து எடுத்துட்டா கன்னம் தொங்கிப் போவும்ல, அந்த மாதிரி இருக்குற மூஞ்சி மேல ஏறிடும். டீ ஒழுவாது. பேச்சு கொழகொழன்னு வராது. ஆனா சிரிச்சா அந்தப் பக்கம் அசையாது.

— இன்னொரு வழி?

— அதுதான் பெரிய கூத்து! தொடையிலேருந்து சதையவே நரம்போட எடுத்து கன்னத்துல வெப்பாங்களாம். நாம மெல்லுறதுக்குன்னு ஒரு நரம்பு இருக்குதாமே, அதோட சேத்துத் தைப்பாங்களாம். பல மாசம் கழிச்சி, பல்லைக் கடிச்சா அந்தப் பக்கம் சிரிப்பு வருமாம்.

— பல்லைக் கடிச்சா சிரிப்பா? ஏண்டி, நான் பல்லைக் கடிச்சா இந்தத் தெருவே ஓடுமேடி!

— நெசமா அத்தே.

— அப்போ முறுக்கு தின்னா? துக்க வூட்டுல போயி ஒக்காந்து வெத்தலை மென்னா? செத்தவன் பங்காளியெல்லாம் அடிக்க வருவான்!

— நானும் இதையேதான் கேட்டேன்! கண்ணாடி முன்னாடி நின்னு பழகப் பழக சரியாயிடுமாம். நல்ல ஆபரேஷன்தான், சின்ன வயசுப் புள்ளைங்கல்லாம் பண்ணிக்கிதாம். எனக்கு வேணாம் அத்தே. கண்ணுக்குத் தங்கம், கன்னத்துக்கு நாடா. ரெண்டும் ஒரே நாள்ல முடிஞ்சிடும். சிரிப்பு பாதி இருக்குது, அது எனக்குப் போதும். கண்ணுதான் தாங்காது.

— தாங்காதுன்னா?

— கருவிழி காஞ்சி போயி கீறல் விழுந்திருக்குதாம். பொம்மைக்குப் பிசிறு தேய்க்கிறோம்ல, அந்தத் தூசியெல்லாம் மூடாத கண்ணுலதான் போயி ஒக்காருது. இன்னும் தள்ளிப் போட்டா பார்வையே போயிடும்னுட்டாங்க.

— பார்வையா? நேத்து இதைச் சொல்லலையேடி!

— சொல்ல வுட்டீங்களா? ‘எத்தினி கிராம், எத்தினி கிராம்’னு என்னையப் பிச்சி எடுத்தீங்க.

— கொளஞ்சியப்பா, சாமி! கண்ணைக் காப்பாத்துப்பா.

— காப்பாத்திட்டாரு அத்தே, வழி காட்டிட்டாரு! வர திங்கக்கெழம எனக்குப் படுக்கை இருக்குதாம். சாயங்காலத்துக்குள்ள போன் பண்ணி வரேன்னு சொல்லணும். ஒண்ணே ஒண்ணுதான் பாக்கி. கூட இருக்க ஒரு பொம்பளை வேணும். உங்க புள்ளை திருப்பூர்லேருந்து வந்தாலும் பொம்பளை வார்டுல வுட மாட்டாங்க. பட்டறையில சண்முகப்ரியா ‘நான் வரேன்’னா, ஆனா அவளுக்குக் கைக்கொழந்தை. நீங்க ஒரு வார்த்தை சொன்னா போதும்.

— அடிபட்டது எப்பிடின்னு டாக்டரம்மா கேட்டாங்களா?

— கேட்டாங்க.

— என்ன சொன்னே?

— எப்பவும் சொல்றதுதான். மாமாவோட வண்டியில ஸ்ரீமுஷ்ணம் கோயிலுக்குப் போயிட்டு வந்தோம், வர்ற வழியில நாயி குறுக்க வந்துடுச்சு, வுழுந்ததுல காதுக்குப் பின்னாடி கல்லு இடிச்சி நரம்பு அறுந்துடுச்சுன்னு.

— நாயி என்ன கலரு?

— ம்? ... செவலை.

— போன வருஷம் உன் சின்னம்மாகிட்ட கறுப்புன்னே.

— அத்தே...

— கேட்டதுக்குப் பதில் சொல்லுடி.

— என்ன அத்தே இது? எனக்கு நேத்துலேருந்து கால் தரையில படல. பட்டறையில அத்தினி பேரும் என்னையக் கட்டிப் புடிச்சி சந்தோஷப்படுறாங்க. முதலாளி வூட்டம்மா மல்லிப்பூ குடுத்து அனுப்பியிருக்காங்க. நீங்க மட்டும் தங்கத்தோட எடையக் கேக்குறீங்க, நாயோட கலரைக் கேக்குறீங்க! கூட வரேன்னு ஒரு வார்த்தை வாயில வரல. என்ன, ஒன்னேகால் கிராம் தங்கம் என் கண்ணுக்குள்ள போயி வீணாவுதேன்னு வயித்தெரிச்சலா?

— கத்தாதடி. நாயி வரல. எனக்குத் தெரியும்.

— யாரு... யாரு சொன்னா?

— உன் மாமாதான். சாவுறதுக்கு முந்தின வாரம். சூளையில ராத்திரி வேலை பாத்துட்டு, தூங்காமலே உன்னைய வண்டியில ஏத்திக்கிட்டுப் போனாரு. திரும்பி வரும்போது கண்ணு சொருவிடுச்சு. ‘ஒரு நிமிஷம் என் கண்ணு மூடுனதுக்கு அந்தப் புள்ளை கண்ணு மூடவே மாட்டேங்குதே காசி’ன்னு எங்கிட்ட சொல்லி அழுதாரு. ‘நாயி வந்துதுன்னு சொல்லி என் மானத்தைக் காப்பாத்திடுச்சி. நீயும் நாயின்னே சொல்லு’ன்னாரு.

— நான் நாயின்னு சொல்லலேன்னா மாமா சோறு தின்னிருக்க மாட்டாரு அத்தே. ஆஸ்பத்திரியில என் கட்டிலுக்குக் கீழயே ஒக்காந்திருந்தாரு. என் மூஞ்சியப் பாக்கல, தரையவே பாத்துக்கிட்டு இருந்தாரு. என்னால தாங்க முடியல. வாயில வந்தது நாயி.

— எனக்கும் இத்தினி வருஷமா வாய் வரைக்கும் வந்து வந்து போச்சு. கேட்டுட்டா, நீ அவருக்காகச் சொன்ன பொய்யை நான் ஒடச்ச மாதிரி ஆயிடும்ல? அதான் வுட்டுட்டேன்.

— இன்னைக்கு மட்டும் ஏன் கேட்டீங்க?

— டாக்டருகிட்டயாவது உண்மையச் சொல்லிட்டியான்னு பாத்தேன். அங்கயும் நாயைத்தான் வுட்டிருக்கே. நீ மாற மாட்டடி.

— கோவமா அத்தே?

— கோவமா? போடி பைத்தியக்காரி. போனைப் போடு. திங்கக்கெழம நாங்க ரெண்டு பேரும் வரோம்னு சொல்லு.

— நெசமா? வரீங்களா?

— உன்னைய வேற எவகிட்ட வுடுவேன்?

— அய்யோ அத்தே! ஒண்ணு சொல்லட்டுமா, திட்டக் கூடாது. கூட யாரு இருப்பாங்கன்னு கேட்டப்போ நேத்தே உங்க பேரைக் குடுத்துட்டு வந்துட்டேன்.

— திருடி! அப்புறம் எதுக்குடி காலையிலேருந்து இந்தக் கெஞ்சு கெஞ்சுனே?

— நீங்களா வரேன்னு சொல்றதைக் கேக்கணும்னு ஆசையா இருந்துது. சரி, நில்லுங்க, மாத்துத்துணி எடுத்து வெக்கணும், சொம்பு ஒண்ணு, போர்வை ரெண்டு...

— துணி அப்புறம் எடுக்கலாம். மொதல்ல இதைப் புடி. ரெண்டு கையையும் நீட்டு, கீழ வுழுந்துடப் போவுது.

— என்னத்தே இது, காயிதத்துல மடிச்சி? ... தங்கமா? உருண்டையா, பொட்டு மாதிரி... அத்தே, ஆஸ்பத்திரியில தங்கம் எல்லாம்...

— எடை சரியாத்தான் இருக்கும், நீ சொன்னதை வச்சி காலையிலயே ஆசாரி பக்கத்துல ஒக்காந்து செம்பு போவ உருக்கி, ஒன்னேகால் கிராம் நிறுத்து வாங்கியாந்தேன். எவ வூட்டுத் தங்கமோ உன் கண்ணுக்குள்ள போவக் கூடாதுடி, இது உன் மாமனாரு எனக்குக் கட்டுன தாலி.