அம்மாளுக்குப் போன வாழைக்குலை

என் கையெழுத்தையும் எழுத்துப் பிழைகளையும் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன்.

போன வருஷம் வைகாசியில் வற்றாப்பளை அம்மாள் கோயில் பொங்கலுக்குப் போகிற பஸ்ஸில், எனக்கு முன்னால் இரண்டு பெண்கள் இருந்தார்கள். முரசுமோட்டையில் அடுத்தடுத்த வீட்டு வளவுக்காரர் என்பது அவர்கள் கதைத்ததில் விளங்கியது. இளையவளின் மடியில் ஒரு வாழைக்குலை.

“அக்கா, இது உங்கட புருசன் குளிச்ச தண்ணியில வந்த குலை.”

“மெல்லக் கதை பிள்ளை, பஸ்ஸே திரும்பிப் பாக்குது.”

“பாக்கட்டும். என்ர கிணறு வத்தி வாழையெல்லாம் சாகக் கிடக்கேக்க, நீங்கள்தானே உங்கட கிணத்தடியில இருந்து வேலிக்குக் கீழால வாய்க்கால் வெட்டி விட்டனீங்கள்.”

“சும்மா சேறாக் கிடந்த தண்ணிதானே.”

“அதுதான் பயமாக் கிடக்கு. முதல் குலை அம்மாளுக்கெண்டு நேர்ந்துபோட்டன். அழுக்குத் தண்ணியில வந்ததைப் படைக்கலாமோ?”

மூத்தவள் குலையை ஒருமுறை தடவிப் பார்த்தாள்.

“மண்ணுக்குள்ளால ஏறி வந்த தண்ணி. மண்ணே கழுவிப்போட்டுது. அந்தாள் உருப்படியாச் செய்த காரியம் இது ஒண்டுதான், அம்மாளுக்கும் தெரியட்டும். படை.”

இளையவள் சிரித்தபடி கண்ணைத் துடைத்தாள். இறங்கும்போது குலையை இருவரும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

வீட்டுக்கு வந்த மறுநாளே என் கிணற்றடியிலிருந்தும் வாழைக்கு ஒரு வாய்க்கால் வெட்டினேன். அன்று பஸ்ஸில் அந்த இருவருக்கும் நன்றி சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இன்று என் வாழையும் குலை தள்ளியிருக்கிறது. அதனால் அவர்கள் கண்ணில் படட்டும் என்று உங்கள் பத்திரிகைக்கு எழுதுகிறேன்.

1962, ஆனி மாதம் 10ஆம் திகதி.