முப்பத்திரெண்டாவது கார்டு

இல்ல தம்பி, சிவப்பு இல்ல, வெள்ளப் பை. வாயக் கட்டியிருக்கும். எங்க வீட்டுக்காரரு எதக் கட்டினாலும் ரெண்டு முடிச்சு போடுவாரு, பாத்ததும் தெரிஞ்சுடும். அந்த ஓரத்துல கொஞ்சம் தள்ளிப் பாருங்களேன். சே, என்னா நாத்தம்... ஐயோ, உங்களச் சொல்லல தம்பி. மேல் மாடி சனங்களச் சொல்றேன். மீன் தலையப் பையில கட்டிப் போடுங்கன்னு லிஃப்டுல எத்தன நோட்டீஸ் ஒட்டினாலும் ஒருத்தர் கேக்கறதில்ல.

குப்பை லாரி எத்தன மணிக்கு வரும்? பதினொண்ணரையா? இப்ப என்ன, பத்து அம்பதா? சரி. அப்ப நேரம் இருக்கு. சரி சரி.

நகையா? நகையெல்லாம் இல்லலா. நக போயிருந்தா இப்படியா ஓடி வருவேன், போனா போகட்டும்னு விட்டிருப்பேன். கார்டு தம்பி. கிறிஸ்மஸ் கார்டு. சிரிக்காதீங்க. மொத்தம் முப்பத்திரெண்டு கார்டு, அதுல ஒண்ணு அந்தப் பையில இருக்கான்னு பாக்கணும். பாத்துட்டாப் போதும், அப்புறம் நீங்க தாராளமா லாரியில ஏத்திடலாம்.

நான் ஒம்பதாவது மாடி, கமலம். காலையில பாலிகிளினிக் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன், சுகர் டெஸ்ட்டு. நேத்து ராத்திரியிலேருந்து பச்சத் தண்ணிதான். திரும்பி வந்து கதவத் தொறக்கிறேன், ஹால் மொட்டையா இருக்கு. மரம் இல்ல, நட்சத்திரம் இல்ல, கார்டு தொங்கவிட்ட கயிறு இல்ல. மரத்தக் கழட்டிப் பொட்டியில போட்டு ஸ்டோர் ரூம்ல வச்சாச்சு. சீரியல் லைட்ட அட்டையில சுத்தி ரப்பர் பேண்டு போட்டாச்சு. இருபத்தெட்டு வருஷமா குடிச்ச கோப்பி கப்பக் கொண்டாந்து சிங்க்ல போடாத மனுஷன் தம்பி அவரு.

அதுவும் நாளைக்குத்தான் மூணு ராஜா திருநாள். அது முடியாம நாங்க எதையும் கழட்ட மாட்டோம். குடில்ல வைக்கற அந்த மூணு ராஜா பொம்மையையும் டிவி கிட்டேருந்து தெனம் கொஞ்சம் கொஞ்சமா நவுத்திக்கிட்டே வருவேன், ஆறாந்தேதிதான் கொழந்தை ஏசு கிட்ட வந்து சேரணும். அப்புறம் நாந்தான் ஸ்டூல் போட்டு ஏறி எல்லாத்தையும் எறக்குவேன். இந்த வருஷம் அவங்க வந்து சேரவே இல்ல, பேப்பர்ல சுத்தி வச்சிட்டாரு.

கேட்டேனே. ஏங்க, இன்னிக்கே கழட்டிட்டீங்கன்னு கேட்டேன். நாளைக்கு ஏர்கான் கழுவ ஆளு வருது, ஹால் காலியா இருக்கட்டும்னாரு. கார்டெல்லாம் எங்கன்னேன். பழசு தானே, குப்பைக் குழாய்ல போட்டுட்டேன்னாரு. அதுல போட்டா நேரா கீழ இங்கதானே வந்து விழும். நீ வெறும் வயித்தோட வந்திருக்கே, உக்காருன்னு சொல்லி அவரே கோப்பி கலக்கிக் குடுத்தாரு. சக்கர இல்லாம. விசில் அடிச்சுக்கிட்டே.

நல்லதுதானேன்னா? நீங்க கல்யாணம் ஆனவரா தம்பி? அறந்தாங்கியில இருக்காங்களா? போன்ல பேசறப்ப கத்துவீங்களா? கத்துங்க, பரவால்ல. கத்தறவரு கத்திட்டு அடங்கிடுவாரு. எங்க வீட்டுல அவரு கத்தினா எனக்குப் பயமில்ல. அமைதியா சிரிச்சுக்கிட்டு, எல்லா வேலையும் தானே செஞ்சாருன்னா மனசுக்குள்ள என்னமோ முடிவு பண்ணிட்டாருன்னு அர்த்தம். அந்தக் கோப்பிய அப்படியே சிங்க்ல ஊத்திட்டேன்.

அதோ! அந்தத் தெர்மாகோல் பொட்டிக்குக் கீழ! ஆ, அதேதான், பாருங்க ரெண்டு முடிச்சு. இப்படிக் குடுங்க, நானே பிரிக்கிறேன். முடிச்சு வரமாட்டேங்குது... நீங்களே பிரிங்க தம்பி. கிழிச்சாலும் பரவால்ல. மாதாவே, மாதாவே, இருக்கணும்.

இப்படித் தரையிலயே கொட்டுங்க. நான் ஒண்ணொண்ணா எடுத்து வைக்கிறேன், நீங்க எண்ணுங்க. இது பல் டாக்டரு. இது இன்சூரன்ஸ்காரப் பொண்ணு, வருஷா வருஷம் தவறாம அனுப்பும். இது சர்ச் பாடற குரூப்பு. இது அவரோட பழைய ஆபீசு. இப்பல்லாம் யாரு கார்டு அனுப்பறாங்கன்னு கேக்கறீங்க, வாட்ஸாப்புல ஒரு பூவ அனுப்பிட்டு விட்டுடறாங்க. இவருக்கு அதெல்லாம் ஆகாது. இவரு அறுபது கார்டு அனுப்புவாரு, திரும்பி வர்றத எண்ணுவாரு. லெட்டர் பொட்டி சாவி அவருகிட்டதான். அள்ளிக்கிட்டு வந்து மேசையில போட்டு, இன்னிக்கு நாலு, ஆக மொத்தம் பத்தொம்பதுன்னு எண்ணிட்டு எங்கிட்டத் தள்ளிடுவாரு. பிரிச்சுப் படிக்கறது, க்ளிப்பு போட்டுத் தொங்கவிடறது எல்லாம் நான். அவருக்கு எண்ணிக்கை போதும். பூசை முடிஞ்சு வெளிய நின்னு, இந்த மாசிலாமணி வீட்டுக்கு முப்பத்திரெண்டு வந்துச்சுன்னு நாலு பேருகிட்டச் சொல்லணும்.

எத்தன ஆச்சு? பதிமூணா?

நான் தேடறது எப்படி இருக்கும்னா, வெள்ளக் கார்டு, நடுவுல பச்சையா ஒரு மரம். கடையில வாங்கினதில்ல, கையால செஞ்சது. மரத்து மேல மஞ்சளா நட்சத்திரம், ஒடம்புல சிவப்புப் புள்ளிங்க. நல்லா உத்துப் பாத்தாத்தான் தெரியும், அது மரம் இல்ல, கொழந்தை காலு. பச்சப் பெயிண்ட்டுல உள்ளங்கால முக்கித் தலகீழா ஒத்தியிருக்கு. குதிகால் மேல, வெரலுங்க கீழ. அஞ்சு வெரலு. இத்தனூண்டு.

எம் பேரன் தம்பி. நான் இன்னும் பாக்கல.

ஆமா, மக இருக்கா. ஒரே மக, அமலா. மூணு வருஷமா எங்க இருக்கா, உசுரோட இருக்காளா ஒண்ணும் தெரியாம இருந்தேன். டிசம்பர் இருபதாந்தேதி அவரு கொண்டாந்து போட்ட கட்டுல இது இருந்துச்சு. கவர்ல கையெழுத்தே இல்ல, பிரிண்ட்டு பண்ணின ஸ்டிக்கரு. கெட்டிக்காரி. அவரு எண்ணினாரு, அஞ்சு, ஆக மொத்தம் இருபத்தேழுன்னு சொல்லிட்டுக் குளிக்கப் போனாரு. நான் பிரிச்சேன். உள்ள அம்மான்னு ஒரு வார்த்தை. கீழ பிளாக்கு நம்பரு, வீட்டு நம்பரு, போன் நம்பரு. அவ பேரு கூட இல்ல. பைப்பு சத்தம் நிக்கற வரைக்கும் நான் அப்படியே நின்னேன்.

ஒளிச்சு வச்சிருக்கலாமேன்னா? எப்படி? கயித்துல ஒண்ணு கொறைஞ்சா அவருக்குத் தெரியும். கீழ கடையில வேற கார்டு ஒண்ணு வாங்கிப் பதிலுக்கு மாட்டியிருக்கலாம், எனக்கும் தோணுச்சு. பொய் சொல்லல தம்பி, தோணுச்சு. ஆனா அடுப்படியில நின்னு பாத்தா அந்தக் கயிறு நேரா தெரியும். பாத்திரம் கழுவறப்பல்லாம் அந்தக் கால ஒரு பார்வை பாத்துக்கலாம்னு ஒரு ஆச. அவருதான் எதையும் படிக்கறதில்லையேன்னு ஒரு தைரியம். பல் டாக்டருக்கும் இன்சூரன்ஸுக்கும் நடுவுல மாட்டிட்டேன். பதினஞ்சு நாளு அவரு அதுக்குக் கீழ உக்காந்துதான் நியூஸ் பாத்தாரு.

இன்னும் அவகிட்டப் பேசல. எப்படிப் பேசறது, எம் போன அவரு தெனம் எடுத்துப் பாப்பாரு. பக்கத்து பிளாக்குல லீலான்னு ஒருத்தவங்க, திருநாள் முடிஞ்சு கார்ட எறக்கினதும் அவங்க வீட்டுக்குப் போயி பேசலாம்னு இருந்தேன். அதுவும் ஒரு சாக்குதான். கூப்பிட்டா மொதல்ல மன்னிப்புக் கேக்கணும்ல. அதுக்கு வார்த்தை தேடிக்கிட்டே இருந்தேன்.

எத்தன? இருபத்தாறா? இந்தாங்க, இது நாலும் ஒட்டிக்கிட்டு இருக்கு. முப்பது. இது ஒண்ணு. முப்பத்தொண்ணு. பைய ஒதறுங்க. இன்னொரு தடவ. க்ளிப்பு, கயிறு... அவ்ளோதானா? மறுபடி எண்ணலாம். இல்ல, நீங்க எண்ணுங்க, எனக்குக் கண்ணு மங்குது.

முப்பத்தொண்ணு.

இல்ல தம்பி, வேணாம். மத்த பையெல்லாம் கிண்ட வேணாம். வேற எங்கயும் இருக்காது. அது கெடைக்கணும்னு நான் வரல. அந்த விலாசம், அந்த நம்பரு எல்லாம் எனக்கு மனப்பாடம், செபம் சொல்றாப்புல தெனம் சொல்லிக்கிட்டிருக்கேன். அது இங்க கெடக்கணும். மீன் தண்ணியில ஊறி, இந்த முப்பத்தொண்ணோட சேர்ந்து குப்பையாக் கெடக்கணும். அதுக்குத்தான் மாடியிலேருந்து வேண்டிக்கிட்டே வந்தேன். இங்க கெடந்தா அவரு ஒண்ணும் பாக்கலன்னு நான் போயி சோறு தின்னிருப்பேன். இங்க இல்லன்னா அது அவரு சட்டப் பையில இருக்கு.

வீட்டுல இல்ல, வெளிய போயிட்டாரு. பத்து இருபதுக்கு. ஷேவ் பண்ணி, வெள்ளச் சட்ட போட்டுக்கிட்டு, மிச்சமிருந்த கிறிஸ்மஸ் கேக்க டப்பாவோட எடுத்துக்கிட்டாரு. யாருக்குங்கன்னேன். ஒருத்தரப் பாக்கணும், மதியம் ஆயிடும்னாரு. எனக்குக் கேக்கப் பாத்ததுமே புரிஞ்சிருக்கணும். அவரு கைய நீட்டின மறுநாளெல்லாம் எங்க வீட்டுக்குக் கேக்கு வரும். இன்னிக்கு முன்னாடியே எடுத்துக்கிட்டுப் போறாரு.

அவ விலாசம் தெம்பனிஸ் தம்பி. இங்க குவீன்ஸ்டவுன்ல ஏறினா ஒரே ரயிலு, எங்கயும் மாறக்கூட வேணாம். மூணு வருஷமா எம் பொண்ணு அதே ரயில் லைன்ல இருந்திருக்கா. நாப்பது நிமிஷம், அப்புறம் கொஞ்சம் நடை. இப்ப பதினொண்ணா? ஐயோ.

போலீசுக்கா? என்ன சொல்லுவேன்? எம் புருஷன் வீட்டக் கூட்டினாரு, எனக்குக் கோப்பி போட்டுக் குடுத்தாரு, பேரனுக்குக் கேக்கு கொண்டு போறாருன்னா? அவ வீட்ட விட்டுப் போன புதுசுல, அவ வேல பாத்த ஆபீசுக்கு ரெண்டு தடவ இப்படித்தான் போனாரு. சிரிச்ச மொகமா கீழ லாபியில உக்காந்திருந்தாரு, அவ அந்த வேலையையே விட்டுட்டா. அவளக் கண்டுபிடிச்சா என்ன செய்வேன்னு எங்கிட்டச் சொல்லியிருக்காரு. அத உங்ககிட்டச் சொல்ல எனக்கு வாய் வரல. கூப்பிடலாம், போலீசயும் கூப்பிடலாம். மொதல்ல அவளுக்குச் சொல்லணும். எம் போனு மேல இல்ல தம்பி. சார்ஜு போட்டுத் தர்றேன்னு அவரே வாங்கினாரு, கூடவே எடுத்துக்கிட்டுப் போயிட்டாரு.

உங்க போனக் கொஞ்சம் குடுங்க. கை அழுக்கா இருக்கு, நீங்களே அடிங்க, நான் சொல்றேன். ஒம்பது... எட்டு... ஆமா, மூணு. ஸ்பீக்கர்ல போடுங்க. அடிக்குதா?

எடுக்க மாட்டேங்கறா. தெரியாத நம்பருதானே, எடுக்க மாட்டா.

மூணு வருஷம் முன்னாடி ஒரு நாளு அவரு என்ன அடிக்க வந்தாரு தம்பி, அவ குறுக்க வந்தா. ரூமுக்குள்ள என்னத் தள்ளிட்டுக் கதவு நெலையப் புடிச்சுக்கிட்டு நின்னா. அவரு கதவ இழுத்து அடிச்சாரு. அவளுக்கு ரெண்டு வெரலு ஒடைஞ்சுது. ஆஸ்பத்திரியில டாக்டரம்மா எங்கிட்டத் தனியாத்தான் கேட்டாங்க, எப்படி ஆச்சும்மான்னு. காத்துல கதவு அடிச்சிருச்சுன்னு சொன்னேன். ஒம்பதாவது மாடி, காத்து அதிகம்னு சொன்னேன். திரும்பிப் பாத்தா அமலா பின்னால கட்டோட நிக்கறா. அடுத்த வாரம் போயிட்டா.

மறுபடி அடிங்க. அடிங்க தம்பி, எடுப்பா.

ஹலோ? அமலா? அம்மாடி... அம்மாதான். ஆமா, அம்மாதான். அழாத. அழாம கேளு, கார்டு வந்துச்சு, பாத்தேன். அப்புறம் சொல்றேன், எல்லாம் அப்புறம் சொல்றேன். வீட்டுலதான இருக்கே? கொழந்தை எங்க? சரி. இப்பப் போயி கதவப் பூட்டு. வெளிய இரும்பு கேட்டையும் பூட்டு. பெல் அடிச்சாத் தொறக்காத, யாரு கூப்பிட்டாலும் தொறக்காத. சிரிச்சுக்கிட்டு நின்னாலும் தொறக்காத.

என்ன? இந்தத் தடவையும் காத்தான்னா கேக்கறே?

இல்லம்மா. காத்து இல்ல. அப்பா.