இரும்புத் தட்டில் என் பெயர்

தலைக்கவசத்தை வெந்நீரில் கழுவக் கூடாது. உள்ளே இருக்கும் மெத்தை உப்பிவிடும். பச்சைத் தண்ணீரும் கொஞ்சம் சோப்பும் போதும். ஒஹாயோவில், கவசம் மாட்டி மோதி ஆடும் எங்கள் அமெரிக்கக் கால்பந்து அணியின் சாமான் அறையில் எனக்கு அதுதான் வேலை.

சுரங்கத்தில் முதுகு ஒடிந்த பிறகு இங்கே வந்தேன். எழுத்துப் படித்ததும் இங்கேதான். வீரர்களின் அலமாரிமேல் ஒட்டியிருந்த பெயர்களை எழுத்துக்கூட்டிப் படித்தேன். முதலில் படித்த பெயர் டுவேன் கோவாச். அவனுக்குக் கவசம் மாட்டிவிடுகிறவன் நான்.

பெரிய விருதுகளைப் பத்திரிகைக்காரர்கள் ஓட்டுப் போட்டுக் கொடுப்பார்கள். எங்கள் இரும்புத் தட்டை வீரர்களே கொடுக்கிறார்கள். ஆட்டப் பருவம் முழுக்க எந்த அடி பட்டும் வெளியே உட்காராதவனுக்கு அது. அவன் பெயருக்குக் கீழே கவசம் மாட்டியவனின் பெயரையும் பொறிப்பது எங்கள் வழக்கம். சுரங்கத்தில் இறங்கும்போது மாட்டிக்கொண்ட என் பித்தளை வில்லையில் வெறும் எண்தான் இருந்தது. லோனி ஹஸ்கின்ஸ் என்று என் பெயரை ஒரு இடத்தில் வெட்டியிருப்பதை நானே படிக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். இதில் தப்பு என்ன?

கடைசி ஆட்டத்தின் இடைவேளையில் டுவேன் கவசத்துக்குள்ளேயே வாந்தி எடுத்தான். முகக்கம்பியில் கோழியும் நூடுல்ஸும் தொங்கின. புளித்த நாற்றம்.

"பெருசு, இன்னிக்கு யாரு கூட ஆடுறோம்?" என்றான்.

"கிண்டலா தம்பி?"

"நெசமா கேக்குறேன்யா. ஞாபகம் வரல."

மண்டையில் அடி பட்டவனிடம் அணியின் டாக்டர் கேட்கும் கேள்விகள் எல்லாருக்கும் தெரியும். எந்த ஊர், ஆட்டத்தின் நாலு பகுதியில் இது எத்தனையாவது குவார்ட்டர், கடைசியாகப் புள்ளி எடுத்தது யார், போன வாரம் யாருடன் ஆட்டம், ஜெயித்தோமா. பதில் பிசகினால் வெளியே உட்கார வைத்துவிடுவார். கழிப்பறையில் அவனை உட்கார வைத்து, பிள்ளைக்கு வாய்ப்பாடு சொல்லிக் கொடுப்பதுபோல் சொல்லிக் கொடுத்தேன். தப்பினால் கன்னத்தில் தட்டினேன். கவசத்தைக் கழுவி ஈரத்தோடு மாட்டிவிட்டேன்.

"என்ன நாத்தம் இது?" என்றார் டாக்டர்.

"கோழி ஒத்துக்கல டாக்டர். இவன் தின்ன தீனிக்கு யானையே கக்கியிருக்கும்."

டாக்டர் சிரித்தார். கேள்விகளைக் கேட்டார். டுவேன் கடகடவென்று ஒப்பித்தான். முதுகில் தட்டி அனுப்பிவிட்டார்.

அடுத்த மோதலில் விழுந்தான். எழுந்து, எதிரணியின் பெஞ்சுப் பக்கம் நடந்தான். கூட்டம் சிரித்தது. நான் ஓடிப்போய்த் திருப்பிக் கூட்டி வந்தேன். அவன் கண்மணிகளில் ஒன்று பெரிதாக இருந்தது, ஒன்று சிறிதாக. பார்த்தேன். பார்க்கவில்லை என்று சொல்ல மாட்டேன். தாடைப்பட்டையை இறுக்கி, "போ தம்பி, கொஞ்ச நேரந்தான்" என்றேன். போனான். கடைசிவரை ஆடினான்.

பருவம் முடிந்து நடந்த விருந்தில் தட்டை வாங்கும்போது அவன் வாயோரம் எச்சில் ஒழுகியது. வெண்ணிறச் சட்டை நனைந்தது. வழக்கப்படி மேடையில் சொல்ல வேண்டிய என் பெயரை அவன் சொல்லவில்லை. எனக்கு அருவருப்பாக இருந்தது. அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பெயர் பொறித்தாகிவிட்டது. ஒரு எழுத்தும் பிசகவில்லை.

இப்போது அவனைப் பராமரிப்பு இல்லத்தில் வைத்திருக்கிறார்கள். மலம் மூத்திரம் எல்லாம் படுக்கையில்தான். தன் மகளைப் பார்த்து, "யார் இந்தப் பொண்ணு?" என்கிறான். விசாரிக்க வந்திருக்கும் உங்களிடம் அவன் மனைவி ஷெரில்தான் புகார் கொடுத்தாள். பாவம், அழுகிறாள். நான் மட்டும்தான் அவனைச் சரியான கேள்விகள் கேட்கிறேன்.

"எத்தனாவது குவார்ட்டர் தம்பி?"

"மூணு."

"போன வாரம்?"

"ஜெயிச்சோம் பெருசு."

போன ஞாயிற்றுக்கிழமையும் கேட்டுவிட்டுத்தான் வந்தேன். எல்லாம் சரியாகச் சொன்னான். அவன் மூளைக்கு ஒன்றும் ஆகவில்லை, ஐயா. வேண்டுமானால் நீங்களே போய்க் கேட்டுப் பாருங்கள். நான் சொல்லிக் கொடுத்ததை மட்டும் கேளுங்கள்.