தவேயூனி மெஷினில் ஓடவில்லை

லிதியா: …இல்ல, நேத்து நீ அனுப்பினது மறுபடியும் விழுந்துடுச்சு. கப்பல் டிக்கெட் அச்சாகப் போற நேரத்துல.

வைசலே: என்ன சொல்லுது? போன்ல அப்படியே படி.

லிதியா: ஃப்ளிப்புன்னு ஒரு மெத்தட் இல்லையாம்.

வைசலே: இருக்கே. எங்கிட்ட ஓடுதே.

லிதியா: பிரிஸ்பேன்ல எல்லாம் ஓடும். நீ எழுதின ப்ரோக்ராம் இங்க தவேயூனி துறைமுகத்துல ஓடணும். கவுன்டர்ல உக்காந்திருக்கிறவ நான்.

வைசலே: அந்த மெஷின்ல இன்னும் பழைய ஜாவா எட்டுதானா?

லிதியா: எட்டேதான். நீ போட்டுட்டுப் போனது. அப்புறம் யாரு வந்து மாத்துவா?

வைசலே: நான் புது ஜாவா பதினேழுல கம்பைல் பண்ணினேன். டார்கெட் மட்டும் எட்டுன்னு குடுத்தேன். அதனாலதான் உன் மெஷின் உள்ள விட்டுச்சு.

லிதியா: உள்ள விட்டுட்டு அப்புறம் ஏன் கழுத்தைப் பிடிச்சுத் தள்ளுது?

வைசலே: ஃப்ளிப் ரெண்டுலயும் இருக்கு. பழசுல அது ஒரு வகையைத் திருப்பித் தரும், புதுசுல வேற வகை. கம்பைலர் என் புது லைப்ரரியைப் பாத்து எழுதிடுச்சு. ஓடுறப்ப உன் மெஷின்ல அதையே தேடுது… அங்க இல்ல.

லிதியா: மேல எட்டுன்னு முத்திரை. உள்ள முழுசா பிரிஸ்பேன்.

வைசலே: குத்தாத.

லிதியா: உன்னையா சொன்னேன்? ஃபைலைச் சொன்னேன்.

வைசலே: சரி, சரி… டார்கெட்டை எடுத்துட்டு ரிலீஸ் எட்டுன்னு குடுக்கிறேன். அப்ப லைப்ரரியும் பழசையே பாக்கும். கொஞ்சம் பொறு.

லிதியா: பொறுக்கிறது எனக்குப் புதுசா?

வைசலே: …உங்கம்மா எப்படி இருக்காங்க?

லிதியா: போன கிறிஸ்துமஸுக்கு வர்றேன்னியே, உன் பங்குக்கும் சேத்துத்தான் சுட்ட கல்லு போட்ட லோவோக் குழியில தாலோக் கிழங்கை வச்சாங்க. இப்ப உன் பேரையே எடுக்கிறதில்ல.

வைசலே: நீ?

லிதியா: நான் என்ன?

வைசலே: நீ எடுக்கிறியா?

லிதியா: கட்டிக்கிறேன்னு சொல்லிட்டுப் போனவன் நீ. நான் எதுக்கு… கம்பைல் ஆச்சா இல்லையா?

வைசலே: ஆச்சு. எட்டுல போட்டுப் பாக்குறேன்… நேத்து அனுப்பினது இங்கயும் அதே இடத்துல விழுது. இப்ப புதுசு… ஓடுது. அனுப்பிட்டேன், பாரு.

லிதியா: இங்கயும்னா? உங்கிட்ட எட்டே இல்லையே.

வைசலே: ஒரு மெஷின் கிடைச்சுது.

லிதியா: பிரிஸ்பேன்லயா? எந்த மியூசியத்துல?

வைசலே: நீ முதல்ல ஓட்டேன்.

லிதியா: ஓட்டுறேன், ஓட்டுறேன். சோதனைக்கு ஒரு பேர் சொல்லு.

வைசலே: வைசலே.

லிதியா: விளையாடாத.

வைசலே: இன்னிக்கு சாயங்காலக் கப்பல். சுவாலேருந்து தவேயூனிக்கு.

லிதியா: …எங்க இருக்க நீ?

வைசலே: உங்க கப்பல் கம்பெனியோட சுவா ஆபீஸ்ல. காலையிலதான் வந்து இறங்கினேன். இவங்க மெஷினும் உன்னுது மாதிரிதான்.

லிதியா: ஐயோ… ஒரு வார்த்தை சொல்லலையே.

வைசலே: சொன்னா வராதன்னுடுவியோன்னு…

லிதியா: டிக்கெட் அங்கயே தருவாங்களே.

வைசலே: தருவாங்க. நீ போட்டாத்தான் ஏறுவேன்.

லிதியா: திரும்பிப் போறதுக்கும் சேத்தா?

வைசலே: வேண்டாம்.

லிதியா: இரு, உன் பேரைப் போடுறேன்.

வைசலே: லிதியா? என்ன, ஓடலையா?

லிதியா: ஓடுது. உன் பேர் அச்சாயிடுச்சு… போன மாசம் நீ அனுப்பி ஒழுங்கா ஓடின பழைய ஃபைலை நான் அழிக்கவே இல்ல, வைசலே. காலையிலேருந்து எல்லாருக்கும் அதுலதான் டிக்கெட் போட்டுக்கிட்டிருக்கேன். உன்னைக் கூப்பிட வேற சாக்கு கிடைக்கல.