திருடன் பின்னால் ஒரு கிரிவலம்

வேங்கிக்கால் போகும் டவுன் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் சூப்பர் மார்க்கெட் செக்யூரிட்டிகள் இருவர் சீருடையோடு உட்கார்ந்திருந்தார்கள். மீசைக்காரர் கொதித்துக்கொண்டிருந்தார்.

“திருடனைத் தொடக் கூடாதாம், திருடன்னு சொல்லக் கூடாதாம், வாசல் தாண்டித் துரத்தவும் கூடாதாம். கடை ரூல்ஸு. அப்புறம் எனக்கு எதுக்குய்யா விசிலு?”

“அந்த நெய் டப்பா திருடுனவன விட்டுட்டீங்களாண்ணா?”

“எங்க விட்டேன்? டப்பாவ வேட்டியில சொருகிக்கினு பௌர்ணமிக் கூட்டத்துல பூந்துட்டான். நானும் செருப்பக் கழட்டிப் போட்டுட்டுப் பின்னாலயே நடந்தேன். தொடல, திட்டல. அவன் காதுகிட்ட ‘அரோகரா’ மட்டும்தான்.”

“திரும்பி ஓடலையா?”

“கிரிவலத்துல எவனாவது எதிர்ப்பக்கமா ஓடுவானா? சாமி பயம் வேற. பாதி சுத்து, அடி அண்ணாமலை வரைக்கும் தாங்குனான். அப்புறம் அவனே டப்பாவ என் கையில குடுத்துட்டு, ‘என்ன விட்டுடுங்கண்ணா’ன்னு அழுவுறான். நான் எங்க புடிச்சேன், விடுறதுக்கு?”

“மேனேஜர் பாராட்டுனாரா?”

“மெமோ குடுத்தாரு. டூட்டி நேரத்துல சாமி கும்பிடப் போயிட்டேனாம்.”