பொம்பிளை வீட்டு விசாரிப்பு

பத்மாசினி: ...சரி, என்ன வருத்தம் எண்டு நான் கேக்கேல்லை. மருந்துக் குளிசை போடுறவரோ எண்டும் கேக்கேல்லை. இஞ்சை வந்தவரோ, வரேல்லையோ. அவ்வளவுதான்.

சுபாஜினி: அதைத்தான் அக்கா சொல்லேலாது எண்டு சொல்லுறன்.

பத்மாசினி: ஒரு சொல்லுத்தானே டொக்டர்.

சுபாஜினி: நான் டொக்டர் இல்லை. மருந்து எழுதுறேல்லை. உளவியலாளர். வாசல் பலகையிலையும் அப்பிடித்தான் போட்டிருக்கு.

பத்மாசினி: ஐயோ, ஆளைக் கூப்பிடுறதுக்கும் சட்டமோ! மிஸ் எண்டு கூப்பிடலாமோ?

சுபாஜினி: கூப்பிடுங்கோ.

பத்மாசினி: மிஸ், நான் களவெடுக்க வரேல்லை. பெறாமகளுக்குச் சம்பந்தம் பேசியிருக்கு. நிரோஜினி எண்டு பேர். நான் அவளின்ரை சித்தி. தாய்க்கு நேர் இளையவள்.

சுபாஜினி: ...சித்தியோ.

பத்மாசினி: ஓம். ஏன், என்னைப் பார்த்தாச் சித்தி மாதிரித் தெரியேல்லையோ?

சுபாஜினி: இல்லையில்லை... சொல்லுங்கோ.

பத்மாசினி: கரவெட்டியிலை இருந்து ரெண்டு பஸ் மாறி இந்த மானிப்பாய்க்கு வந்திருக்கிறன். மாப்பிளை வட்டுக்கோட்டை. சயந்தன். அரசாங்க உத்தியோகம். குறிப்பு நல்லாப் பொருந்தியிட்டுது, ஆவணியிலை நாள் வைச்சாச்சு. கோயில் ஐயரைக் கேட்டம். படிப்பிச்ச ரீச்சரைக் கேட்டம். சந்திக் கடைக்காரன் கேளாமலே சொன்னவன். நீங்கள் ஒராள்தான் பாக்கி.

சுபாஜினி: அவை சொல்லலாம். அவை ஆருக்கும் வாக்குக் குடுக்கேல்லை.

பத்மாசினி: ஆ! அப்ப நீங்கள் சயந்தனுக்கு வாக்குக் குடுத்திருக்கிறியள்! அப்ப வந்திருக்கிறார்!

சுபாஜினி: அக்கா... இந்தப் படி ஏறின எல்லாருக்கும் குடுத்தது. ஏறினது ஆரெண்டு சொல்லாததும் அந்த வாக்குக்குள்ளைதான் வரும். நீங்களும் ஏறியிட்டியள். நாளைக்கு ஒராள் வந்து, இப்பிடி ஒரு அக்கா வந்தவவோ எண்டு கேட்டா, அவைக்கும் இதே மறுமொழிதான்.

பத்மாசினி: ...என்னை ஆர் தேடப் போயினம். சரி, வாயாலை சொல்ல வேண்டாம். சட்டம் வாய்க்குத்தானே? நான் பேரைச் சொல்லுறன். வந்த ஆளெண்டா நீங்கள் உந்தத் தண்ணியை எடுத்துக் குடியுங்கோ. இல்லையெண்டாச் சும்மா இருங்கோ. சயந்தன்... கை போகுது! கிளாசுக்குக் கை போகுது!

சுபாஜினி: தாகமாய் இருந்தது. இனிக் குடிக்கேலாது. தண்ணியையும் கெடுத்துப் போட்டியள் அக்கா.

பத்மாசினி: பகிடிக்குச் சொன்னனான், குடியுங்கோ பிள்ளை!

சுபாஜினி: நீங்கள் போனாப் பிறகு குடிக்கிறன்.

பத்மாசினி: நான் சொல்லட்டோ? வராத ஆளெண்டா, 'அப்பிடி ஒருத்தரைத் தெரியாது' எண்டு நேரை சொல்லி என்னை அனுப்பியிருப்பியள். நீங்கள் சொல்லாமல் இழுக்கிறதே வந்தவர் எண்டதுக்குச் சாட்சி.

சுபாஜினி: எந்தப் பேரைச் சொன்னாலும் இப்பிடித்தான் இழுப்பன். வேணுமெண்டா உங்கடை மனுசன்ரை பேரைச் சொல்லிப் பாருங்கோ.

பத்மாசினி: இளையதம்பியையோ! பல்லுப் பிடுங்கவே பயந்து ஒரு கிழமை கஞ்சி குடிச்ச மனுசன். அவர் இஞ்சை வந்தவரோ?

சுபாஜினி: சொல்லேலாது.

பத்மாசினி: ...உண்மையாய்?

சுபாஜினி: சொல்லேலாது அக்கா.

பத்மாசினி: ஏன், அவருக்கு என்ன குறை? என்னைப் பற்றி ஏதும் சொன்னவரோ?

சுபாஜினி: பார்த்தியளோ? ஒரு நிமிசத்திலை உங்கடை வீட்டுக்குள்ளையே ஆள் வந்தாச்சு. வந்தவரோ வரேல்லையோ எண்டு நான் இன்னும் ஒரு சொல்லும் சொல்லேல்லை.

பத்மாசினி: நீங்கள் பொல்லாத ஆள்.

றிஸ்னா: மிஸ், மூண்டு மணிக்கு வாறவைக்கு இன்னும் இருபது நிமிசம்தான் கிடக்கு.

சுபாஜினி: சரி றிஸ்னா. கதவைச் சாத்திப்போட்டுப் போங்கோ.

பத்மாசினி: முன்மேசைப் பிள்ளைக்கும் பூட்டுப் போட்டுத்தான் வைச்சிருக்கிறியள். வரேக்கை மெல்லமாய்க் கேட்டுப் பார்த்தனான். 'மிஸ்ஸைக் கேளுங்கோ அன்ரி' எண்டது. ரெண்டாம் தரம் கேக்க விசிறியைக் கூட்டிவிட்டுட்டுது.

சுபாஜினி: அவவும் கையெழுத்து வைச்சுத்தான் வேலைக்கு வந்தவ. அவ கதைச்சாலும் நான்தான் மறுமொழி சொல்லவேணும்.

பத்மாசினி: நீங்கள் மானிப்பாய்தானே? உங்கடை தாயார் சுதுமலைப் பக்கமோ? முகம் அப்பிடியே எங்கடை பெரியமாமி. விடுத்துப் பார்த்தா நாங்கள் சொந்தமாய்த்தான் வருவம்.

சுபாஜினி: சொந்தமெண்டா இன்னும் கரைச்சல். சொந்தக்காரரை நான் பார்க்கக் கூடாது.

பத்மாசினி: சொந்தமும் கூடாதோ? அப்ப இந்த முருங்கைக்காயாவது கூடுமோ? கிணத்தடி மரத்திலை காலமை புடுங்கினது. ஒரு கட்டுத்தான்.

சுபாஜினி: வேண்டாம் அக்கா.

பத்மாசினி: முருங்கைக்காய் வாங்கினாப் பேரை வெட்டிப் போடுவினமோ?

சுபாஜினி: இண்டைக்கு முருங்கைக்காய் வாங்கினா, நாளைக்குக் கொண்டு வராத ஆளுக்கு 'எனக்குக் கவனம் குறையுமோ' எண்டு வரும். அதாலை ஒருத்தரிட்டையும் வாங்கிறேல்லை.

பத்மாசினி: உங்கடை மேலாக்கள் ஆர்? நான் அவைக்கு எழுதிக் கேக்கிறன்.

சுபாஜினி: கொழும்பிலை எங்களைப் பதிஞ்ச சபை இருக்கு. விலாசம் எழுதித் தாறன். நான் உங்களுக்குச் சொல்லேல்லை எண்டு எழுதினா ஒண்டும் செய்யமாட்டினம். சொன்னனான் எண்டு எழுதினாத்தான் என்ரை பதிவு போகும்.

பத்மாசினி: ஒருக்காலும் ஒருத்தருக்கும் சொல்லமாட்டியளோ?

சுபாஜினி: உயிருக்கு ஆபத்தெண்டாச் சொல்லுவன். கோட்டிலை நீதவான் கேட்டாச் சொல்லவேணும். அப்பவும் தேவையானது மட்டும்.

பத்மாசினி: கலியாணம் உயிருக்கு ஆபத்தில்லை எண்டு ஆர் சொன்னது?

சுபாஜினி: ...அதுக்கு நான் சிரிச்சா ஓம் எண்டு எடுத்துப் போடுவியள்.

பத்மாசினி: பகிடி கிடக்கட்டும் மிஸ். உங்களுக்கும் மகள் இருக்கிறா. அந்தப் படம் மகள்தானே? மாப்பிளைக்கு மனசிலை ஏதோ குறை எண்டு உங்களுக்குத் தெரியும், ஆறு கிழமையிலை கலியாணம். சொல்லாமல் இருப்பியளோ? ஒரு பிள்ளையின்ரை வாழ்க்கை இது.

சுபாஜினி: அந்தப் பிள்ளைக்குத் தெரியவேணும் எண்டா அந்தப் பெடியனையே நேரை கேக்கட்டும். அதைச் சொல்லுற உரிமை அவருக்குத்தான் இருக்கு. எனக்கில்லை.

பத்மாசினி: கேட்டா உண்மை சொல்லுவினமோ?

சுபாஜினி: சொல்லுறது அந்தரமான விசயந்தான். எனக்கு விளங்குது.

பத்மாசினி: விளங்குது... ஆனாச் சொல்லமாட்டியள்.

சுபாஜினி: ஓம்.

பத்மாசினி: கடைசியாய் ஒருக்காக் கேக்கிறன். பேந்து கேக்கமாட்டன். சயந்தன் இஞ்சை வந்தவரோ?

சுபாஜினி: நான் ஆரைப் பற்றியும் கதைக்கிறேல்லை அக்கா.

பத்மாசினி: ...காணும். இவ்வளவும் காணும் மிஸ். நான் நிரோஜினியின்ரை சித்தி இல்லை.

சுபாஜினி: ம்.

பத்மாசினி: என்ன, ஒரு 'ம்' மட்டுந்தானோ? கோவிப்பியள் எண்டெல்லோ நினைச்சன்.

சுபாஜினி: இந்த அறைக்குள்ளை இருந்திருந்து பழகியிட்டுது. நீங்கள் சொல்லுங்கோ.

பத்மாசினி: நான் சயந்தன்ரை அக்கா. அம்மா போகேக்கை அவனுக்கு ஏழு வயசு, நான்தான் தூக்கி வளர்த்தது. அவன் இந்தப் படியை இன்னும் மிதிக்கவே இல்லை. போன வருசம் கூட வேலை செய்த பெடியன் ஒருத்தன், பஸ்ஸிலை பக்கத்திலை இருந்து கதைச்சுக்கொண்டு வந்தவன், அப்பிடியே இவன்ரை தோளிலை சரிஞ்சு போனான். மாரடைப்பு. அண்டையிலை இருந்து இவன் பஸ்ஸிலை ஏறினா மூச்சு முட்டுதெண்டு பாதி வழியிலை இறங்கி நடக்கிறான். ராவிலை படுக்கிறேல்லை.

சுபாஜினி: முந்தி எங்கையும் காட்டினியளோ?

பத்மாசினி: ஒரு இடத்திலை காட்டினம். எந்த இடம் எண்டு சொல்லமாட்டன், உங்கடை பழக்கம் எனக்கும் தொத்தியிட்டுது. ரெண்டாம் நாள் சந்தையிலை மீன்காரி கேக்கிறா, தம்பிக்கு இப்ப எப்பிடி எண்டு. அதோடை கதவைப் பூட்டிக்கொண்டு இருந்திட்டான். பேந்து இந்தச் சம்பந்தம் வந்தது. அவனுக்கு அந்தப் பிள்ளையிலை நல்ல விருப்பம். ஆனா இதெல்லாம் பொம்பிளை வீட்டுக்குத் தெரிஞ்சா எழும்பிப் போயிடுவினம் எண்டு பயம். அதாலை சொன்னவன், அக்கா, நீ முதல் பொம்பிளை வீட்டாள் மாதிரிப் போய் என்னைப் பற்றி விசாரி. வாயைத் திறந்தினமெண்டா வா, திரும்பிப் போவம் எண்டு.

சுபாஜினி: வராதவரைப் பற்றி என்னெண்டு வாய் திறக்கிறது?

பத்மாசினி: 'அப்பிடி ஒருத்தர் வரேல்லை' எண்டு சொல்லியிருந்தியளோ, நான் அப்பவே முருங்கைக்காயைத் தூக்கிக்கொண்டு எழும்பியிருப்பன். இண்டைக்கு இல்லை எண்டு சொல்லுற வாய், நாளைக்கு ஓம் எண்டும் சொல்லும்தானே? நீங்கள் சொல்லேல்லை. பாஸ். தம்பி வாசல்லை ஆட்டோவுக்குள்ளை இருக்கிறான். கூப்பிடட்டோ?

சுபாஜினி: வாசல்லையோ? இப்பவோ?

பத்மாசினி: ஓம், முன்வாசல்லை. ஏன், திடுக்கிட்டுப் போனியள்? இவ்வளவு நேரமும் அசையாமல் இருந்தனியள்.

சுபாஜினி: அக்கா... தம்பியை நான் பார்க்கேலாது.

பத்மாசினி: என்ன?

சுபாஜினி: என்னட்டை வேண்டாம். யாழ்ப்பாணத்திலை தில்லைநாதன் எண்டு ஒருத்தர் இருக்கிறார். என்னைவிடக் கனகாலம் இந்த வேலை. வாய் இன்னும் இறுக்கம்.

பத்மாசினி: சொந்தம் எண்டு சொன்னனே, அதாலையோ? ஐயோ, அது சும்மா விட்ட கதை! எனக்குப் பெரியமாமியே இல்லை!

சுபாஜினி: அதில்லை.

பத்மாசினி: அப்ப ஏன்? பொய் சொல்லி வந்ததிலை கோவமோ?

சுபாஜினி: சத்தியமாய் இல்லை. சில பேரை நான் எடுக்கக் கூடாது, வேறை ஒராளிட்டை அனுப்பவேணும். அதுவும் எங்கடை விதிதான். ஏன் எண்டு மட்டும் கேளாதேங்கோ.

பத்மாசினி: மிஸ், அவன் இந்த வாசலுக்கு வர ஆறு மாசம் எடுத்தது. இண்டைக்குத் திருப்பி அனுப்பினா இனி எந்தப் படியும் ஏறமாட்டான். எனக்குத் தெரியும் அவனை.

சுபாஜினி: ...அவரை ஃபோனிலை கேளுங்கோ. தில்லைநாதனை நான் இப்பவே எடுத்து நேரம் கேக்கட்டோ எண்டு. பேர் சொல்லமாட்டன். அவர் ஓம் எண்டாத்தான் எடுப்பன்.

பத்மாசினி: தம்பி... ஓம், நான்தான். இல்லை, ஒரு சொல்லும் சொல்லேல்லை. தண்ணி கூடக் குடிக்கேல்லை, பேந்து சொல்லுறன். கேள், இவ பார்க்கேலாதாம். கோவிக்காதை, கேள்! இவவே வாய் இறுக்கம் எண்டு சொல்லுற ஒருத்தர் இருக்கிறாராம். இண்டைக்கே கேக்கட்டோ எண்டு... ம்... ம்... சரி. மிஸ், எடுங்கோவாம்.

சுபாஜினி: வணக்கம் சேர், சுபாஜினி. ஒராளை இண்டைக்கே பார்ப்பியளோ? இல்லை, என்னாலை எடுக்கேலாது... ஓம், அந்தக் காரணம்தான். நாலரைக்கோ? நன்றி சேர். அக்கா, நாலரைக்குப் போகட்டாம். உள்ளுக்கு அவர் தனியத்தான் போகவேணும்.

பத்மாசினி: எந்தக் காரணம்? அந்தாளுக்கு அரைச் சொல்லிலை விளங்கியிட்டுது, எனக்கு விளங்கேல்லை.

சுபாஜினி: அக்கா, தம்பியை ஆட்டோவைப் பின் ஒழுங்கைக்குக் கொண்டுவரச் சொல்லுங்கோ. உடனை. இஞ்சை வாறவை முன்னாலை, போறவை பின்படலையாலை. ஆளை ஆள் காணக்கூடாதெண்டு.

பத்மாசினி: ரெண்டு எட்டு எடுத்து வைக்க முன்வாசல்...

சுபாஜினி: தயவுசெய்து அக்கா. மூண்டு மணியாகுது.

பத்மாசினி: தம்பி, பின் ஒழுங்கைக்கு வரச் சொல்லு ஆட்டோவை... இப்பவே. ஏனெண்டு எனக்கென்ன தெரியும், இஞ்சை எல்லாத்துக்கும் ஒரு சட்டம். மிஸ், ஒண்டு கேக்கட்டோ? இதை அவன் நிரோஜினிக்குச் சொல்லுறது நல்லதோ? அவள் கவலை எண்டா என்னெண்டு தெரியாத பிள்ளை. எப்பவும் சிரிச்ச முகம். இவன்ரை கஷ்டம் அவளுக்கு விளங்குமோ? என்ன மிஸ், கண் ஒரு மாதிரி...

சுபாஜினி: ஒண்டுமில்லை. அதைத் தம்பிதான் முடிவெடுக்கவேணும். தில்லைநாதனோடை கதைக்கட்டும்.

பத்மாசினி: வாறன் பிள்ளை. நல்லாயிருப்பியள்.

சுபாஜினி: படலையைக் கொளுவிப்போட்டுப் போங்கோ அக்கா... றிஸ்னா! ஆட்டோ பின்னாலை போயிட்டுதோ?

றிஸ்னா: இப்பத்தான் திரும்பினது மிஸ். நிரோஜினியும் சித்தியும் பஸ்ஸாலை இறங்கி வந்திட்டினம். சித்தி இண்டைக்கும் படியிலை நிண்டுகொண்டு கேக்கிறா, மாப்பிளை வீட்டுக்கு ஒண்டும் தெரியவராதுதானே எண்டு.