தோண்டாமல் விட்ட ராத்திரி

சிரிக்காதே பாண்டுரங்கா. நம்ம அம்பியின் சொந்த அத்திம்பேருக்கு நடந்தது இது. கதவைச் சாத்திவிட்டுக் கிட்டே வந்து உட்கார்.

முப்பத்தைந்தாம் வருஷம், ஐப்பசி மாசம். ராத்திரி பத்து மணி இருக்கும். அடையாற்றில் துரை பங்களாவில் கருவிப் பெட்டியை ஒப்படைத்துவிட்டு ஜட்காவில் மயிலாப்பூர் திரும்பிக்கொண்டிருந்தார் அத்திம்பேர் சந்திரமௌலி. பிராடீஸ் ரோடு... இரண்டு பக்கமும் தோப்பு. ஈர மண் வாசனை. வடமேற்கே பூகம்பம் கண்ட குவெட்டாவிலிருந்து வந்த நாளாக அந்த வாசனையே அவருக்கு ஆகாது.

அங்கே மலையில் அவருக்கு என்ன வேலை? பெரிய பூகம்பம் அடங்கின பிறகும் பூமி விட்டு விட்டு நடுங்குமே, அதை அளக்கிற வேலை. கரி பூசின காகிதத்தில் ஊசி கீறும். பக்கத்தில் ஒருத்தன் நடந்தாலே போதும், கீறல் கெட்டுப்போகும். அந்த இடிந்த கிராமத்திலோ புதைந்தவர்களைத் தேடிச் சிப்பாய்கள் ராப்பகலாகத் தோண்டிக்கொண்டிருந்தார்கள். ஒரே ஒரு ராத்திரி மண்வெட்டியை நிறுத்தச் சொன்னார் இவர். நிறுத்தினார்கள். விடிய விடிய ஊசி சின்னச் சின்னதாகக் கீறியது. அருமையான நடுக்கம் என்று பூரித்துப்போனார், பாவி மனுஷன். விடியற்காலையில் கீறல் நின்றது. அப்புறம்தான் உறைத்தது... பூமி இப்படித் தாளம் தப்பாமல் நடுங்குமா? ஓடிப்போய்த் தோண்டினால், கருவி வைத்த கூடாரத்தை ஒட்டி, இடிபாட்டுக்கு அடியில் ஒரு பெண். நிறைமாசக்காரி. கையில் கல். உடம்பில் சூடு ஆறவில்லை. நகக்கண் எல்லாம் சாம்பல் நிற மண்.

இதை அவர் பெண்டாட்டி ஜானுவிடம்கூடச் சொல்லவில்லை. எப்படிச் சொல்வார்? அவளும் நிறைமாசம். கோயில் கோயிலாக ஏறி இறங்கி, கடைசியில் தங்கின குழந்தை.

பாதி ரோட்டில் குதிரை நின்றுவிட்டது. சவுக்குக்கும் அசையவில்லை. டக்... டக்... டக்... வண்டிக்காரர் நூர் முஹம்மது இறங்கித் தரையில் காதை வைத்தார்.

“சாமி, ரோட்டுக்குக் கீழ யாரோ தட்டிக்கினு கீறாங்க. தோப்புல மம்பட்டி கீது, வாங்கியாரட்டா?”

சந்திரமௌலி வண்டியைவிட்டு இறங்கவேயில்லை.

“வேண்டாம். வண்டியை ஓட்டு” என்றார்.

உடனே குதிரை நகர்ந்தது.

வீட்டில் ஜானு தூங்காமல் உட்கார்ந்திருந்தாள். அவர் கையை இழுத்துத் தன் வயிற்றில் வைத்துக்கொண்டாள்.

“பத்து மணியிலேர்ந்து இப்படியே உதைச்சிண்டிருக்கு. தாளம் போடறாப்ல இருக்கு, பாருங்கோ.”

அதே நிதானம்... அதே இடைவெளி. கையை எடுக்கவும் பயம், வைத்திருக்கவும் பயம். விடியற்காலையில் நின்றது.

மருத்துவச்சி லூர்துமேரி எடுத்தபோது குழந்தை அழவில்லை. மூச்சே இல்லை. ஈரத் துணியால் அதன் விரல்களைத் துடைத்துக்கொண்டிருந்தவள் கையை நிறுத்தினாள். விளக்கைக் கிட்டே கொண்டுவரச் சொன்னாள்.

பிஞ்சு நகக்கண் எல்லாம்... சாம்பல் நிற மண்.